பஸ் போனபோது பேசாத பையன்: ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தலையடி, ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் ஜன்னலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் ஒரு மதில்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் பஸ்கள் அந்த மதிலோரம் நின்று ஆள் ஏற்றும். “கல்முனை, கல்முனை, அக்கரைப்பற்று” என்று கண்டக்டர் கூவுவது உள்ளே கட்டிலில் கிடப்பவருக்கும் கேட்கும். பல வருடமாக அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமலே வேலை செய்திருக்கிறேன். இந்த நிகழ்வில் என்னைத் திருத்தியது அந்தச் சத்தமும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியும்தான்.

பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பிள்ளையும் விழுந்த விதமும்

பையனுக்கு ஏழரை வயது, 23 கிலோ. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டவன். சொந்தமாகச் சொல்லும் சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான்: தண்ணி, வேணா, போ, பெத்தா (பாட்டி), அப்படிச் சில. மற்றதெல்லாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. அதில் அவனுக்கு மிகப் பிடித்தது பஸ் கண்டக்டரின் கூவல். வீடு வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில். மாதம் ஒருமுறை பேச்சுச் சிகிச்சைக்கு ஓட்டோ, பாதை, பஸ் என்று மூன்றும் ஏறி எழுவான்கரைக்கு வருவான். பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை என்பது இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கோபத்தையும் பதற்றத்தையும் தணிக்க இரவில் ரிஸ்பெரிடோன் என்ற மருந்து 0.5 மில்லிகிராம் குடிக்கிறான். வலிப்பு வந்ததில்லை. தாய் குவைத்தில் வீட்டுவேலை. தகப்பன் நெல் ஆலையில் வேலை செய்கிறார். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர்கள் பெத்தாவும் பதினொரு வயது அக்காவும்.

வைகாசி மாதத்து ஞாயிறு, பின்னேரம் நாலேகால் இருக்கும். விறாந்தைக் குந்தில் ஏறி நின்று மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பது அவனுடைய அன்றாட வேலை. குந்து இரண்டரை அடி உயரம். கீழே சீமெந்து. விழுந்ததைக் கண்ணால் கண்டவர் இல்லை. கிணற்றடியில் நின்ற அக்காவுக்குத் தொப்பென்று சத்தம் கேட்டிருக்கிறது. ஓடி வந்தபோது இடப்பக்கமாகக் கிடந்தான், கண் திறந்திருந்தது, அழவில்லை.

அழாதது எங்களுக்கு எந்தத் துப்பும் தரவில்லை. அவன் வலிக்கு அழுகிற பிள்ளை இல்லை. நினைவு தப்பியதா என்பதும் தெரியாது. “கிணத்தடியில இருந்து ஓடி வர எவ்வளவு நேரம் மகள்?” என்று கேட்டு, அவளை வாட்டுக்கு உள்ளேயே அதே தூரம் ஓடச் சொல்லிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து செக்கன். அதற்குள் தப்பித் திரும்பியிருக்கலாம், தப்பாமலும் இருந்திருக்கலாம்.

பெத்தா தேங்காய் எண்ணெய் பூசி வீக்கத்தை உருட்டித் தேய்த்திருக்கிறார். தூங்கவிடக் கூடாதென்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறார். பாதையில் வரும்போது ஒருமுறை சத்தி எடுத்தான். எங்களிடம் வந்து சேர ஐந்தரை மணி.

நான் எழுதிய சொல்

முதல் பரிசோதனையில் நான் எழுதியது இது: “ஓட்டிசம் உள்ள பிள்ளை. அமைதி. நன்றாக ஒத்துழைக்கிறான்.”

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் சுற்றியபோது சும்மா இருந்தான். தாதி உத்தியோகத்தர் “நல்ல புள்ளயே” என்று கன்னத்தைத் தட்டினார். இடது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், கோழிமுட்டையில் பாதி அளவு வீக்கம். அதைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன், பள்ளமோ நொறுக்கலோ தட்டுப்படவில்லை. டோர்ச் அடித்துக் கண்மணிகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கின. காதிலும் மூக்கிலும் இரத்தமோ தெளிந்த நீரோ இல்லை. கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் கண்டல் இல்லை. குத்திப் பார்த்த சீனி 96. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, இன்றைக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்துப் பழகிய எவருக்கும் அந்த இடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்குத் தட்டவில்லை.

பெத்தா சொன்னார்: “புள்ள பயந்துட்டான் டொக்டர். தண்ணி ஓதிக் குடுத்தாச் சரியா வரும். நீங்க மருந்தத் தாங்க, நாங்க போறம்.” நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்த அறையில் நோயறிதலில் எனக்கு முன்னால் நின்றவர் பெத்தாதான். பிள்ளை மாறியிருக்கிறான் என்று அவர் கண்டுவிட்டார், காரணத்தைத்தான் பயம் என்று சொன்னார். நான் மாற்றத்தையே காணவில்லை. ஓட்டிசம் என்ற ஒரு சொல் என் கண்ணை மறைத்திருந்தது.

அப்போது வெளியே பஸ் வந்து நின்றது. “கல்முனை, கல்முனை” என்று கண்டக்டர் கூவினார். சிறுமி ஜன்னலைப் பார்க்கவில்லை, தம்பியின் வாயைப் பார்த்தாள். பஸ் போனது.

“தம்பி பஸ் சொல்லல்ல” என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெத்தாதான் விளக்கினார். பஸ் சத்தம் எங்கே கேட்டாலும், தூக்கத்தில் கிடந்தாலும், அவன் கண்டக்டரைப் போலக் கூவாமல் விட்டதில்லையாம். பிறகு கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. தலைமயிர் வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டும். காதுக்குக் கிட்டக் கை போனால் உதைப்பான். கிளினிக்கில் டோர்ச்சைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். “ஒருத்தரையும் தொட விடமாட்டான் டொக்டர். இண்டைக்குத்தான் இப்பிடிக் கிடக்கான்.”

நான் எழுதிய “ஒத்துழைக்கிறான்” என்ற சொல்லை வெட்டவில்லை. அடியில் நேரம் போட்டு, “இது இவனுக்கு வழக்கமில்லாத அமைதி” என்று எழுதினேன். பிழையும் பதிவில் இருக்க வேண்டும்.

விதி சொல்வதும் சொல்லாததும்

பிள்ளைகளின் தலையடிக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் விதி பெகார்ன். வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 42,412 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியானது. யாருக்கு சி.ரி. ஸ்கேன் தேவையில்லை என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் கிளாஸ்கோ அளவு (கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் புள்ளி போட்டு நினைவைக் கணிப்பது, முழுப் புள்ளி 15) 15க்குக் குறைந்தாலோ, மனநிலை மாறியிருந்தாலோ, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்த அடையாளம் இருந்தாலோ ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் பாரதூரமான மூளைக்காயம் இருந்தது. அவை இல்லாமல், நினைவு தப்பியது, சத்தி, கடும் தலையிடி, ஐந்து அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்ற கடுமையான அடி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வைத்துப் பார்க்கலாம், அல்லது ஸ்கேன் எடுக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஆபத்து 2000இல் ஒன்றுக்கும் குறைவு.

இனி “மனநிலை மாற்றம்” என்று அந்த விதி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பரபரப்பு, உறக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பேச்சுக்குத் தாமதமாகப் பதில் தருவது. உறக்கக் கலக்கத்தை விட்டால் மற்ற மூன்றும் இந்தப் பையனின் சாதாரண நாள். அப்படியே பிரயோகித்தால் கன்னத்தில் அடிபட்டு வந்தாலும் அவனுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். “அது ஓட்டிசத்தால் வருவது” என்று தள்ளிவிட்டால், மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் தெரியாமல் போகும். இரண்டு பிழைகளும் நடப்பவைதான். பெகார்ன் ஆய்வைச் செய்தவர்கள் இதை அறியாதவர்களும் இல்லை. மதிப்பீட்டைச் சிக்கலாக்கும் நரம்பியல் நிலை முன்பே இருந்த பிள்ளைகளை அவர்கள் ஆய்வில் சேர்க்கவே இல்லை. எங்கள் பையனைப் போன்றவர்கள் பலருக்கு அந்த எண்கள் நேரடியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கிளாஸ்கோ அளவிலும் இதே சிக்கல். 1974இல் ரீஸ்டேலும் ஜெனட்டும் அதை வகுத்தபோது அதன் பேச்சுப் பகுதி, பேசக்கூடியவர் இடம், காலம், ஆள் தெரிந்து பதில் சொல்கிறாரா என்று கேட்டது. எங்கள் பையன் நல்ல நாளிலும் தன் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டான். ஆனால் சிறுவர்களுக்காகத் திருத்திய வடிவத்தில் ஒரு வரி இருக்கிறது: தனது வழக்கமான திறனுக்கு ஏற்பப் பேசினால் 5, வழக்கத்திலும் குறைந்தால் 4. அந்த வரியில் இருக்கும் “வழக்கம்” என்ற சொல்லைப் பலர் வாசிப்பதில்லை. பேசாத பிள்ளைக்குப் பேச்சுக்குப் பதிலாக முகச்சுளிப்பை வைத்து 5 புள்ளி போடும் அளவும் இருக்கிறது. அதிலும் வழக்கமான முக அசைவுக்கு 5, வழக்கத்திலும் குறைந்தால் 4.

அப்படியானால் வழக்கம் என்னவென்று தெரியாமல் இரண்டையும் போட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நாம் பத்திரத்தில் பெயர், வயது, விலாசம் மட்டும் கேட்டு எழுதிவிட்டுக் கிறுகிவிடுகிறோம்.

இரண்டாம் பரிசோதனை

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கையை விட வாயைத்தான் அதிகம் பயன்படுத்தினேன்.

மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். எப்போதும் செய்வதை இப்போதும் செய்கிறானா? அது கணக்கில் வராது. எப்போதும் செய்வதை இப்போது கூடச் செய்கிறானா? அது சந்தேகம், வலியாலும் இருக்கலாம், புது இடம் என்பதாலும் இருக்கலாம். எப்போதும் செய்வது இல்லாமல் போயிருக்கிறதா? இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். மற்றப் பிள்ளைகளில் புதிதாக வந்ததைத் தேடுவோம். இவர்களில் காணாமல் போனதைத் தேட வேண்டியிருக்கிறது.

காதைப் பொத்தினான். அது எப்போதும் உள்ளது, விட்டுவிட்டேன். நுனிக்காலில் நடந்தான். அதுவும் அப்படித்தான். ஆனால் நடை தள்ளாடுவது போல எனக்குப் பட்டது. நுனிக்காலில் நடக்கும் பிள்ளையின் சமநிலையை ஒரு கோட்டில் நடக்கவிட்டுப் பார்க்க முடியாது. ஆலையிலிருந்து நேரே வந்துசேர்ந்த தகப்பனிடம் “போன்ல மகன்ட வீடியோ ஏதும் இருக்கா?” என்று கேட்டேன். தைப்பொங்கலன்று எடுத்தது இருந்தது. முற்றத்தில் கோலத்தைச் சுற்றி நுனிக்காலில் ஓடுகிறான், ஒரு இடத்திலும் சரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவனை வாட்டில் பெத்தாவை நோக்கி நடக்க விட்டோம். இரண்டுமுறை கட்டில் விளிம்பைப் பிடித்தான். பொங்கல் வீடியோவில் அவன் எதையும் பிடிக்கவில்லை.

இந்த யோசனை எனக்கு முன்பே வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எந்த மருத்துவப் பதிவிலும் இல்லாத அளவு தெளிவாகப் பிள்ளையின் நல்ல நாள் அதில் கிடக்கிறது. நாம் கேட்பதில்லை.

கண்ணின் அசைவைப் பார்க்க விரலைக் காட்டினால் பார்க்கமாட்டான். “சுத்துற சாமானெண்டால் பாப்பான்” என்றாள் அக்கா. மருந்துப் போத்தலின் மூடியை மேசையில் சுழற்றினேன். ஒருகணம் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பினான். வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து சில்லைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்காக இருப்பவன். சுழல்வதைப் பார்க்க முடியாமல் போனது மூளை அதிர்வின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாடப்புத்தகம் சொன்னபடி தலைசுற்று இருக்கிறதா என்று அவனிடம் கேட்டிருந்தால் எதுவும் கிடைத்திராது.

கழுத்தை நான் தொடாமலே பார்த்தேன். படுத்தபடியே இரண்டு பக்கமும் தானாகத் திருப்பினான், பெத்தா தடவியபோது முகம் சுளிக்கவில்லை. கட்டளைக்கு அடங்குகிறானா என்பதை என் குரலில் சோதிக்கவில்லை. பெத்தா “கையத் தா மகன்” என்றார். கொடுத்தான், ஆனால் மூன்றாம் முறை கேட்ட பிறகு. வலிக்கு ஃப்ளாக் அளவின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தினேன். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என்று ஐந்துக்கும் இரண்டு இரண்டு புள்ளி. பிள்ளைக்கே உரிய வலிக்குறியை வீட்டார் சொல்ல அதில் சேர்த்துக்கொள்ளலாம். இவன் வலித்தால் சேர்ட்டின் கழுத்தைக் கடிப்பானாம். பார்த்தால், கழுத்து ஏற்கெனவே நனைந்திருந்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் பரசிட்டமோல் பாணியை அக்காவின் கையால் கொடுத்தோம். இரத்தக் கசிவு இல்லையென்று தெரியும்வரை இப்யூபுரூஃபன் வேண்டாம் என்று விட்டோம்.

பழைய காயங்களையும் பார்த்தேன், அக்காவைத் தனியாக அழைத்தும் கேட்டேன். இது கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் பேச முடியாத பிள்ளை அடிபட்டு வரும்போது கேட்காமல் விடுவதற்கு நியாயமில்லை. நெற்றியில் தோல் தடித்திருந்தது, சுவரில் தலையை முட்டும் பழைய பழக்கம். வேறு சந்தேகத்துக்கு இடமில்லை.

6.15க்கு, விழுந்து இரண்டு மணிநேரம் ஆகும்போது, கண் 4, அசைவு 6, பேச்சு 4. மொத்தம் 14. இன்னொரு பஸ் போனது, அவன் பேசவில்லை.

முடிவு எடுத்தது

பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டல் இந்த இடத்தில் தெளிவானது: அடிபட்டு இரண்டு மணிநேரத்திலும் அளவு 15க்கு வராவிட்டால் ஒரு மணிநேரத்துக்குள் ஸ்கேன். பேச்சில் அவனுக்கு நான் போட்ட 4 சரிதானா என்ற ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கேள்விக்குச் சிறுமி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வீக்கம் காதுக்கு மேல் இருந்ததும் என்னை உறுத்தியது. அங்கே எலும்பு மெல்லியது, உள்ளே ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால் பிள்ளை முதலில் நன்றாக இருந்து பிறகு சரியக்கூடும்.

குழந்தை நல நிபுணரிடம் தொலைபேசியில் கதைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “வீட்டாக்கள் என்ன சொல்றாங்க?” சொன்னேன். “அனுப்புங்க” என்றார். இரவு ரிஸ்பெரிடோனை அன்றைக்கு மட்டும் நிறுத்தச் சொன்னார். அது வேறு உறக்கத்தைக் கொடுத்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

6.50க்கு இரண்டாம் முறை சத்தி எடுத்தான். அதன்பிறகு யாருக்கும் தயக்கம் இல்லை.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பதைப் பற்றியும் பேசினோம். தலையடிக்குப் பின் மயக்க மருந்து கொடுப்பது, திருடன் வந்திருக்கிறானா என்று பார்க்கப் போகும்போது லைட்டை அணைப்பது போல. தகப்பன் ஒரு வழி சொன்னார். ஸ்கேன் கட்டில் நகர்ந்து உள்ளே போகும் படத்தை மகனுக்குப் போனில் காட்டி “பாதையில போறம் மகன், பாதையில போறம்” என்று அம்புலன்ஸ் முழுவதும் சொல்லிக்கொண்டே போனார். பெரிய வைத்தியசாலையில் அவரை ஈயக்கவசம் அணிவித்துப் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். பையன் அசையாமல் கிடந்தான். தகப்பனின் கெட்டித்தனம் பாதி. மீதிப் பாதி அவனை அப்படிக் கிடத்திய மூளை அதிர்வு என்றுதான் நான் நினைக்கிறேன். அதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

தலை ஸ்கேனின் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட், இயற்கைச் சூழலில் இருந்து எட்டு மாதத்தில் நமக்குக் கிடைக்கும் அளவு. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு அது போதும். தேவையானபோது பயந்து விடுவதற்கு அது போதாது.

எலும்பு முறிவு இல்லை. இரத்தக் கசிவு இல்லை.

“அப்ப ஒண்டுமில்லத்தானே டொக்டர்?” என்று தகப்பன் மறுநாள் என்னைத் தொலைபேசியில் கேட்டார். மூளை அதிர்வு ஸ்கேனில் தெரியாது. நரம்பிழைகள் இழுபட்டு, உப்புகள் இடம் மாறி, அவற்றைத் திருப்பி ஒழுங்குபடுத்த மூளைக்கு அதிகச் சீனி தேவைப்படும் நேரத்தில் இரத்த ஓட்டம் அதற்கு ஈடுகொடுக்காமல் நிற்கும் நிலை அது. “வீட்டு வயர் அறுந்திருக்கா எண்டு ஸ்கேன் காட்டும். கரண்ட் குறைஞ்சு லைட் மங்கலா எரியிறதக் காட்டாது” என்றேன். அவருக்கு விளங்கியது. எங்கள் பக்கம் மின்சாரம் குறைந்து எரிவதை அறியாதவர் யார்?

இரவு வாட்டில் முதலில் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். தூங்கவிட்டார்கள். தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. தூக்கத்தால் மூளைக்குக் கேடில்லை. எழுப்பினால் எழும்புகிறானா என்பதுதான் கேள்வி. விடியற்காலை டோர்ச்சோடு வந்த தாதியின் கையை ஓங்கித் தட்டிவிட்டானாம். டோர்ச் பறந்து பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே போயிருக்கிறது. தகப்பன் மன்னிப்புக் கேட்கப் போக, வாட் டொக்டர் சிரித்தாராம். கண்மணியை அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி, பெத்தாவின் கையால் கண்ணைப் பொத்தி எடுத்துப் பார்த்தார்கள். இது எங்கும் செய்யலாம், டோர்ச் வேண்டியதில்லை.

வீட்டில் மூன்று கிழமை

மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். நள்ளிரவில் பாதை ஓடாது என்பதால் முதல் மூன்று நாளும் எழுவான்கரையில் மாமி வீட்டில் தங்கச் சொன்னோம். திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கை கால் இழுபடுவது, காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் வருவது என்று வழக்கமாகச் சொல்வதெல்லாம் சொன்னோம். எதையாவது கண்டால் ஓட்டோ தேடாமல் 1990க்கு அடிக்கச் சொன்னோம், அம்புலன்ஸ் இலவசம். இவனுக்காக இன்னொன்றும் சேர்த்தோம்: முதல் இரவைப் போல எதற்கும் எதிர்ப்பில்லாமல் கிடந்தால் உடனே வரவேண்டும்.

மூளை அதிர்வுக்குப் பிந்திய மதிப்பீட்டுக்குச் சிறுவர் ஸ்கட் என்று ஒன்று உண்டு, 8 முதல் 12 வயது வரையானவர்களுக்கு, பெரும்பாலும் விளையாட்டில் அடிபட்டவர்களுக்காக. சொற்களை நினைவில் வைத்துச் சொல்வது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது என்று போகும். அதை எடுத்துவைத்துவிட்டு அக்காவிடம் ஒரு கொப்பி கொடுத்தேன்.

இங்கே நான் கொஞ்சம் தாமதித்துக் கற்றேன். முதல் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவது என்பது இன்றைய முறை. முழு இருட்டில் வாரக்கணக்காகக் கிடத்தும் பழைய முறை போய்விட்டது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஓய்வே ஒரு அடி. எழும்பும் நேரம், பணிஸ் தின்னும் நேரம், பள்ளிக்கூடம் என்று ஒழுங்கு குலைந்தால் வரும் கோபம், மூளை அதிர்வால் வரும் கோபத்தைப் போலவே இருக்கும். ஆகவே நாளின் ஒழுங்கை மாற்றாமல் ஒவ்வொன்றின் நீளத்தை மட்டும் குறைக்கச் சொன்னேன். சீருடை போடட்டும், வாசல்வரை போகட்டும், திரும்பட்டும். போன் முதல் இரண்டு நாளும் ஐந்தைந்து நிமிடம்.

ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கியிருந்தது. மாமி வீட்டிலிருந்து திரும்பியதும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான் என்று தகப்பன் பதறினார். அவன் எந்தச் சடங்குக்கும் அப்படித்தான் என்றாள் அக்கா. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. என்றாலும் தகப்பன் கோயிலடிக்குப் போய்க் கதைத்து ஒலிபெருக்கியை வயல் பக்கம் திருப்பிவிட்டு வந்தார்.

கொப்பியில் எங்களுக்கு உதவியவை வேறு. மாரி பிஸ்கட்டை வரிசையாக அடுக்கித்தான் தின்பான். நாலாம் நாள்வரை பாதியில் விட்டான். குவைத்திலிருந்து தாய் வீடியோவில் வந்தால் திரையைத் தட்டிக்கொண்டே இருப்பவன் போனைத் தள்ளிவிட்டான். பகலில் இரண்டு மணிநேரம் தூங்கினான், முன்பு தூங்கமாட்டான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தும் சில்லைத் தொடவில்லை. நெற்றியை உள்ளங்கையால் அடிப்பது புதிதாக வந்தது, ஐந்தாம் நாள் நின்றது. ஒன்பதாம் நாள் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: “சில்லு சுத்தினான். கொஞ்ச நேரம்.” பன்னிரண்டாம் நாள் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவுக்கு இரண்டு மணிநேரம் போனான். இருபதாம் நாள் முழு நேரம். பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நான்கு கிழமைக்குள் தேறிவிடும், இவனுக்கும் அப்படித்தான். குந்தில் ஏறுவதை நிறுத்த முடியாது என்பதால் தகப்பன் விறாந்தையில் மின்விசிறியை நடுச்சுவருக்கு மாற்றிவிட்டார். இப்போது தரையில் படுத்துப் பார்க்கிறானாம்.

தாள்

கடைசியாக வந்தபோது வீட்டாரும் நானும் இருந்து ஒரு தாள் எழுதினோம், கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைக்க. சொந்தச் சொற்கள் எவை, திருப்பிச் சொல்பவை எவை. வலித்தால் என்ன செய்வான். யார் குரலுக்கு அடங்குவான். எப்படி நடப்பான். எப்போது தூங்குவான். என்ன மருந்து, அதைக் குடித்தால் எவ்வளவு நேரத்தில் உறங்குவான். எதை ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லமாட்டான். யாரும் எங்கே தொட்டால் உதைப்பான். கண்மணிகள் சாதாரண நாளில் ஒரே அளவா. (சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அடிபட்ட இரவில் அதைக் கண்டு பதறக் கூடாது.) ஒரு பக்கம்தான். இப்போது எங்கள் கிளினிக்குக்கு வரும் இப்படியான பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல நாளில், அவசரமில்லாமல், இதை எழுதிக் கொடுக்கிறோம். எழுதச் சொன்னால் தாய்மார் முதலில் “என்னத்த எழுதுற டொக்டர், ஒண்டும் பேசமாட்டான்” என்கிறார்கள். அரை மணிநேரத்தில் இரண்டாவது தாள் கேட்கிறார்கள்.

இவனுடைய தாளின் கடைசி வரியை அக்கா எழுதினாள்: “பஸ் போனால் தம்பி சொல்லுவான். சொல்லாட்டிக் கேக்கணும்.”

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே பஸ் நின்றது. பையன் பேனாமூடியை மேசையில் சுற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. “மட்டக்களப்பு, மட்டக்களப்பு, மட்டக்களப்பு” என்று கூவினான். நான் அக்காவைப் பார்த்தேன், கல்முனை எங்கே போயிற்று என்று.

“அது அங்கால போற பஸ் டொக்டர்” என்றாள்.